இன்ஸ்டெட், இன்ஸ்டெட் ஆஃப்: எது வந்தது, எது போனது?

கேள்வி

எல்லோருக்கும் வணக்கம். ஆங்கிலத்தில் அடிக்கடி கண்ணில் படுகிற ‘இன்ஸ்டெட்’ பற்றிக் கேட்க வேண்டும். அகராதியைத் திறந்தால் ‘பதிலாக’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். படிக்கும்போது அது போதுமாக இருக்கிறது, எழுத உட்கார்ந்தால்தான் கை நிற்கிறது. சில இடத்தில் பின்னால் ‘ஆஃப்’ வருகிறது, சில இடத்தில் வருவதில்லை. சிலர் வாக்கியத்தின் தொடக்கத்திலேயே அதைப் போட்டு ஒரு கமா வைக்கிறார்கள், சிலர் கடைசியில் கொண்டுபோய் வைக்கிறார்கள். எங்கே வைத்தாலும் பொருள் ஒன்றுதானா?

அப்புறம், ‘பென்சில் இன்ஸ்டெட் ஆஃப் பென்’ மாதிரி ஒரு தொடரை வேகமாகப் படிக்கும்போது, பென்சில் வந்து பேனா போனதா, பேனா வந்து பென்சில் போனதா என்று ஒரு நொடி யோசிக்க வேண்டியிருக்கிறது. தமிழில் ‘பேனாவுக்குப் பதிலாகப் பென்சில்’ என்றால் இந்த யோசனையே வருவதில்லை. ஏன் இப்படி? ‘ரேதர் தேன்’ என்பதும் இதுவும் ஒன்றா, இடம் பார்த்து மாற்றிப் போட வேண்டுமா என்பதையும் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும். இலக்கணப் பெயர்களை விட உதாரணங்கள் எனக்குச் சீக்கிரம் புரியும்.

பதில் 1

முதலில் அந்த ஒரு நொடி யோசனையைத் தீர்த்துவிடலாம், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு சுலபம்.

‘ஆஃப்’ என்பதற்கு அடுத்து எது நிற்கிறதோ அது நடக்கவில்லை. ‘ஷி சென்ட் எ லெட்டர் இன்ஸ்டெட் ஆஃப் காலிங்’ என்றால் கடிதம் போனது, போன் போகவில்லை. தமிழில் ‘-க்கு’ செய்கிற வேலையை அங்கே ‘ஆஃப்’ செய்கிறது. ‘பேனாவுக்குப் பதிலாகப் பென்சில்’ என்பதில் ‘-க்கு’ ஒட்டிக்கொண்ட பேனா வெளியே, பென்சில் உள்ளே. ‘பென்சில் இன்ஸ்டெட் ஆஃப் பென்’ என்பதிலும் ‘ஆஃப்’ ஒட்டிக்கொண்ட பேனாதான் வெளியே. உங்களுக்குக் குழப்பம் வருவது வரிசையால். தமிழில் விடுபட்ட பொருள் முன்னால் வரும், ஆங்கிலத்தில் பெரும்பாலும் பின்னால் வரும். சொற்கள் வருகிற வரிசையை நம்பிப் படித்தால் தலைகீழாகப் போய்விடும், ‘ஆஃப்’ எதோடு ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் தவறாது. ஆங்கிலத்திலேயே ‘இன்ஸ்டெட் ஆஃப் காலிங்’ என்பதை முன்னால் தூக்கி வைத்து, ஒரு கமா போட்டு, ‘ஷி சென்ட் எ லெட்டர்’ என்று முடிக்கலாம். அப்படி எழுதினால் கிட்டத்தட்ட தமிழ் வரிசையே வந்துவிடுகிறது, பொருளும் மாறுவதில்லை.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும், பலர் இங்கே சறுக்குகிறார்கள். ‘ஆஃப்’க்குப் பின்னால் வருவது நடக்காத ஒன்று, அவ்வளவுதான், அது தப்பான ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. ‘ஹி பிரெஸ்டு டிலீட் இன்ஸ்டெட் ஆஃப் சேவ்’ என்று ஒருவர் எழுதுகிறார். அழுத்தியிருக்க வேண்டியது சேவ், ஆனால் அழுத்தப்பட்டது டிலீட். இங்கே ‘ஆஃப்’க்குப் பின்னால் நிற்பதுதான் சரியானது, நடந்தது தப்பு. இன்னொரு வாக்கியத்தில் ‘யூஸ் த ஸ்டெப்ஸ் இன்ஸ்டெட் ஆஃப் த லிஃப்ட்’ என்று வரும், அங்கே பின்னால் நிற்பது வேண்டாம் என்று ஒதுக்கப்பட்டது. சரியா தப்பா, நல்லதா கெட்டதா என்பதை வாக்கியத்தின் மற்ற பகுதிதான் சொல்லும். இந்தத் தொடர் சொல்வது ஒன்றே ஒன்று: ஒரு இடம் இருந்தது, அதில் இது வந்து உட்கார்ந்தது, அது வரவில்லை.

இப்போது ‘ஆஃப்’ எப்போது வேண்டும் என்பதற்கு வருவோம். விடுபட்டதை அதே வாக்கியத்தில் பெயர் சொல்லிக் குறிப்பிட்டால் ‘ஆஃப்’ வேண்டும். விடுபட்டது முன்னாலேயே சொல்லப்பட்டுவிட்டது, கேட்பவருக்குத் தெரியும் என்றால் ‘இன்ஸ்டெட்’ தனியாக நிற்கும். கணினி நிரல் எழுதுகிறவர்களுக்குத் தினமும் கண்ணில் படுகிற ஓர் எச்சரிக்கை இருக்கிறது: இந்தக் கட்டளை வழக்கொழிந்துவிட்டது என்று முதல் வாக்கியத்தில் சொல்லிவிட்டு, அடுத்து ‘யூஸ்’ என்று தொடங்கி, புதிய கட்டளையின் பெயரைப் போட்டு, ‘இன்ஸ்டெட்’ என்று முடித்துவிடுவார்கள். எதற்குப் பதிலாக என்பது முதல் வாக்கியத்திலேயே வந்துவிட்டதால் மறுபடி சொல்லத் தேவையில்லை. நம் ஆட்கள் இந்த இடத்தில் ‘இன்ஸ்டெட் ஆஃப் இட்’, ‘இன்ஸ்டெட் ஆஃப் தேட்’ என்று சேர்த்து எழுதுவார்கள், ‘அதற்குப் பதிலாக’ என்பதில் உள்ள ‘அதற்கு’ கையைப் பிடித்து இழுப்பதுதான் காரணம். இலக்கணப்படி பெரிய குற்றமில்லை, ஆனால் காதுக்கு இடிக்கும். ஆங்கிலத்தில் அந்த ‘அது’ ‘இன்ஸ்டெட்’ என்ற சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

‘ஆஃப்’க்குப் பிறகு வினை வந்தால் ஐஎன்ஜி சேர்ந்த வடிவம்தான், ‘இன்ஸ்டெட் ஆஃப் வெயிட்டிங்’. ‘இன்ஸ்டெட் ஆஃப் டு வெயிட்’ என்று எழுதக் கூடாது, ‘இன்ஸ்டெட் ஆஃப் வெயிட்’ என்றும் கூடாது. ஆளைச் சொன்னால் ‘இன்ஸ்டெட் ஆஃப் மி’, ‘இன்ஸ்டெட் ஆஃப் ஹிம்’. ‘ஐ’, ‘ஹி’ வராது.

பதில் 2

மேலே சொன்னது அத்தனையும் சரி. கமாவும் இடமும் பாக்கி இருக்கிறது, அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

கடைசியில் வைத்தால் கமா வேண்டாம்: ‘ஹி வாக்ட் இன்ஸ்டெட்’. தொடக்கத்தில் வைத்தால் கமா போடுங்கள்: ‘இன்ஸ்டெட்’, கமா, ‘ஹி வாக்ட்’. பொருள் ஒன்றுதான், சுவைதான் வேறு. கடைசியில் வருவது பேச்சுக்கு நெருக்கம், இரண்டு பேர் பேசிக்கொள்ளும்போது பெரும்பாலும் இப்படித்தான் வரும். தொடக்கத்தில் வருவது எழுத்துக்கு நெருக்கம். ‘நீங்கள் எதிர்பார்த்தது நடக்கவில்லை, இப்போது நடந்ததைச் சொல்கிறேன்’ என்று வாசகரை ஒரு திருப்பத்துக்குத் தயார்படுத்துகிற வேலையை அது செய்கிறது. அதனால்தான் அதற்கு முந்தைய வாக்கியம் பெரும்பாலும் ‘இல்லை’ என்ற வகையில் இருக்கும். அவர் பதில் எழுதவில்லை. இன்ஸ்டெட், நேரிலேயே வந்துவிட்டார். முந்தைய வாக்கியத்தில் எதுவும் மறுக்கப்படாமல், எதுவும் விடுபடாமல் இருக்கும்போது ‘இன்ஸ்டெட்’ என்று தொடங்கினால், எதற்குப் பதிலாக என்று வாசகர் மேலே போய்த் தேடுவார். ஒன்றும் கிடைக்காது. கட்டுரைகளில் பத்திக்குப் பத்தி ‘இன்ஸ்டெட்’ என்று தொடங்குகிறவர்களிடம் இந்தக் குறை நிறையவே உண்டு.

நடுவிலும் வரும், ‘ஹி இன்ஸ்டெட் சோஸ் டு வாக்’ என்று. செய்தித்தாள் நடையில் இதைப் பார்க்கலாம். கற்றுக்கொள்ளும் நிலையில் இருப்பவர்கள் இதைப் படித்துப் புரிந்துகொண்டால் போதும், எழுத அவசரப்பட வேண்டாம்.

இப்போது முக்கியமான விஷயம். ‘இன்ஸ்டெட்’ இரண்டு வாக்கியங்களை ஒட்டுகிற பசை கிடையாது. ‘ஆனால்’ என்ற பொருளில் வருகிற ‘பட்’ இரண்டு வாக்கியங்களை ஒரு கமாவோடு சேர்த்துவிடும், அந்த உரிமை ‘இன்ஸ்டெட்’டுக்குக் கிடையாது. ‘ஷி டிட் நாட் கால்’ என்று எழுதி, ஒரு கமா மட்டும் போட்டு, ‘இன்ஸ்டெட் ஷி ரோட் எ லெட்டர்’ என்று தொடர்ந்தால் ஆங்கில ஆசிரியர் சிவப்பு மையால் சுழிப்பார். முதல் வாக்கியத்துக்கு முற்றுப்புள்ளி வையுங்கள், அல்லது அரைப்புள்ளி வையுங்கள், அல்லது ‘பட் இன்ஸ்டெட்’, ‘அண்ட் இன்ஸ்டெட்’ என்று ஒரு இணைப்புச் சொல்லைத் துணைக்குக் கூப்பிடுங்கள். தமிழில் நாம் கமாவிலேயே மூன்று வாக்கியத்தை ஓட்டிவிடுவோம், இதோ நானே இங்கே அப்படித்தான் எழுதிக்கொண்டு போகிறேன், தமிழுக்கு அது பொருந்துகிறது, ஆங்கில எழுத்துக்குப் பொருந்தாது.

உச்சரிப்பும் ஒரு வார்த்தை. எழுத்தில் ‘இ’யும் ‘ஏ’யும் சேர்ந்து வருவதால் ‘இன்ஸ்டீட்’ என்று இழுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ஒலி குறில், ‘பிரெட்’, ‘ஹெட்’ என்று சொல்கிற மாதிரி. அழுத்தம் இரண்டாவது அசையில் விழ வேண்டும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. ‘ஆஃப்’க்கும் ‘-க்கு’க்கும் உள்ள பொருத்தம் மனதில் நன்றாகப் பதிந்துவிட்டது. இதையொட்டி இன்னும் இரண்டு கேட்கிறேன். ‘மேலாளருக்குப் பதிலாக நான் கையெழுத்திட்டேன்’ என்பதை ‘இன்ஸ்டெட் ஆஃப் த மேனேஜர்’ என்று எழுதலாமா? அப்புறம், ஆங்கிலத்தில் ‘இன்ஸ்டெட் ஆஃப்’ வருகிற இடத்திலெல்லாம் தமிழில் ‘பதிலாக’ என்று போட்டால் ஏனோ இயல்பாக இல்லை, ‘நடப்பதற்குப் பதிலாக ஓடினான்’ என்று யாராவது பேசுகிறார்களா என்ன? அப்படியானால் தமிழில் அதற்கு என்னதான் சொல்கிறோம்?

பதில் 3

இரண்டாவது கேள்விக்காகவே வந்தேன். மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறவர்களுக்கு இது தினசரிப் பிரச்சினை. ஆங்கிலத்திலிருந்து வந்த தமிழ்ப் பிரதியை எடுத்துப் பார்த்தால் ‘அதற்குப் பதிலாக’ பக்கத்துக்கு நாலு இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். தமிழில் அந்த வேலையைச் செய்ய வேறு நல்ல வழிகள் இருக்கும்போது இப்படி எழுதுவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

முதல் வழி ‘-ஆமல்’. பஸ்ஸில் போகாமல் நடந்து போனான். போன் செய்யாமல் கடிதம் எழுதினாள். என்னிடம் கேட்காமல் அவனிடம் கேட்டார்கள். இந்த மூன்றும் ‘இன்ஸ்டெட் ஆஃப்’தான், ‘பதிலாக’ என்ற சொல் எங்கும் இல்லை, யாரும் அதைத் தேடவும் இல்லை. நீங்கள் சொன்ன உதாரணத்தையும் ‘நடக்காமல் ஓடினான்’ என்று சொல்லிப் பாருங்கள், உடனே காதில் உட்கார்ந்துவிடும்.

ஆனால் இந்த ‘-ஆமல்’ இரட்டை வேலை பார்க்கிறது, தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது இதைக் கவனிக்காவிட்டால் மாட்டிக்கொள்வோம். இந்த இரண்டையும் பாருங்கள்.

கதவைத் தட்டாமல் உள்ளே வந்தான்.
கதவைத் தட்டாமல் மணியை அடித்தான்.

‘தட்டாமல்’ என்பது இரண்டிலும் ஒன்றுதான். ஆங்கிலத்தில் முதலாவது ‘விதவுட் நாக்கிங்’, இரண்டாவது ‘இன்ஸ்டெட் ஆஃப் நாக்கிங்’. ஏன்? தட்டுவதும் உள்ளே வருவதும் ஒன்றுக்கொன்று போட்டி கிடையாது, இரண்டையும் செய்திருக்கலாம், செய்திருக்கவும் வேண்டும், அவன் ஒன்றை விட்டுவிட்டான். தட்டுவதும் மணி அடிப்பதும் ஒரே நோக்கத்துக்கான இரண்டு வழிகள், ஒன்றின் இடத்தில் இன்னொன்று வந்தது. சந்தேகம் வந்தால் ‘தட்டாமல்’ என்பதை எடுத்துவிட்டு ‘தட்டுவதற்குப் பதிலாக’ என்று போட்டுப் பாருங்கள். ‘தட்டுவதற்குப் பதிலாக மணியை அடித்தான்’ ஓடுகிறது. ‘தட்டுவதற்குப் பதிலாக உள்ளே வந்தான்’ ஓடவில்லை, அப்படியே விட்டால் தட்டுவதும் நுழைவதும் ஒன்றுக்கொன்று மாற்று என்று ஆகிவிடும். ஓடினால் ‘இன்ஸ்டெட் ஆஃப்’, ஓடாவிட்டால் ‘விதவுட்’. நான் பார்த்த வரையில் தமிழர்கள் எழுதும் ஆங்கிலத்தில் இந்த இரண்டும் மாறிப்போவது மிகச் சாதாரணம். அதற்குக் காரணம் ஆங்கிலம் தெரியாதது என்று சொல்ல மாட்டேன், நம் ‘-ஆமல்’ இரண்டையும் ஒரே சட்டைக்குள் வைத்திருக்கிறது.

இரண்டாவது வழி ‘விட்டுவிட்டு’. செய்கிற வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்கிறான். இதிலும் பதிலாகச் செய்வதுதான் பொருள், ஆனால் கூடவே ஒரு குறையும் கடிந்துகொள்ளும் தொனியும் வந்துவிடுகிறது. ஆங்கிலத்தின் ‘இன்ஸ்டெட் ஆஃப் வொர்க்கிங்’ அந்தக் கோபத்தைத் தானாகக் காட்டாது, குரலில்தான் காட்ட வேண்டும். ஆங்கில வாக்கியம் வெறும் தகவலாக இருந்தால் ‘விட்டுவிட்டு’ போடாதீர்கள், திட்டுகிற இடமாக இருந்தால் தயங்காமல் போடுங்கள்.

மூன்றாவது, எனக்கு மிகவும் பிடித்தது: ‘பேசாமல்’. ‘பேசாமல் நடந்தே போயிருக்கலாம்’ என்கிறோமே, அதில் வாய் திறக்காமல் இருப்பது பற்றி ஒன்றும் இல்லை. இவ்வளவு நேரம் பஸ்ஸுக்கு நின்றதற்கு நடப்பதே மேல் என்பதுதான் பொருள். ‘அதற்குப் பேசாமல் நீயே செய்துவிடு’ என்றும் சொல்வோம். ஆங்கிலத்தில் ‘வி ஷுட் ஹேவ் ஜஸ்ட் வாக்ட் இன்ஸ்டெட்’ என்று வந்தால் அதற்கு இதைவிடப் பொருத்தமான தமிழ் கிடையாது. உரைநடையில் எல்லா இடத்திலும் பொருந்தாது என்பது உண்மைதான், உரையாடலாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்தலாம்.

வாக்கியத்தின் தொடக்கத்தில் கமாவோடு வருகிற ‘இன்ஸ்டெட்’டுக்கு ‘மாறாக’ என்பது ஓரளவு நல்ல இணை. அவர் கோபப்படவில்லை, மாறாகச் சிரித்தார். ஆனால் அதையும் அளவோடு வையுங்கள். பெரும்பாலான இடங்களில் இரண்டு வாக்கியங்களையும் சேர்த்து ‘கோபப்படாமல் சிரித்தார்’ என்றாலே வேலை முடிந்தது.

‘பதிலுக்கு’ என்பதை மட்டும் இங்கே கொண்டுவராதீர்கள். ‘பதிலுக்கு அவனும் சிரித்தான்’ என்றால் அது திருப்பிச் செய்வது, ‘இன் ரிட்டர்ன்’. ‘அதற்குப் பதில் சிரித்தான்’ என்றால் வேறொன்று செய்யாமல் சிரித்தான். ஓர் உருபு இடம் மாறியதும் பொருள் எங்கே போய்விட்டது பாருங்கள்.

பதில் 4

கையெழுத்து விஷயம் விட்டுப்போயிருக்கிறது. மேலாளர் போட வேண்டிய கையெழுத்தை, அவருடைய ஒப்புதலோடு, அவருக்காக நீங்கள் போட்டீர்கள் என்றால் அது ‘ஆன் பிஹாஃப் ஆஃப்’, அவர் சார்பில். ‘இன்ஸ்டெட் ஆஃப் த மேனேஜர்’ என்று எழுதினால், கையெழுத்திட்ட ஆள் மாறிவிட்டார் என்ற செய்தி மட்டும்தான் போய்ச்சேரும். அவர் உங்களுக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்தாரா, நீங்களாக எடுத்துக்கொண்டீர்களா என்பது அதில் இல்லை. தமிழில் ‘அவருக்குப் பதிலாக’ என்பது இரண்டையும் தாங்கும், அதனால் நமக்கு வித்தியாசம் உறைப்பதில்லை. அலுவல் கடிதத்தில் இது சின்ன விஷயம் கிடையாது. யார் பொறுப்பு என்ற கேள்வி எழும்போது அந்த இரண்டு தொடர்களும் வேறு வேறு திசையைக் காட்டும். கூட்டத்துக்கு அவர் வரவில்லை, நீங்கள் போனீர்கள் என்றால் ‘இன்ஸ்டெட் ஆஃப்’ அல்லது ‘இன் பிளேஸ் ஆஃப்’ போதும். அங்கே அவருடைய குரலாகப் பேசினீர்கள் என்றால் அந்தப் பேச்சு ‘ஆன் பிஹாஃப் ஆஃப்’.

‘சப்ஸ்டிட்யூட்’, ‘ரிப்ளேஸ்’ இரண்டும் இதே குடும்பம், இங்கேயும் எது வந்தது எது போனது என்ற சிக்கல் உண்டு. ‘ரிப்ளேஸ் பென் வித் பென்சில்’ என்றால் பேனா போய்ப் பென்சில் வருகிறது. ‘சப்ஸ்டிட்யூட் பென்சில் ஃபார் பென்’ என்றாலும் அதேதான், பேனா போய்ப் பென்சில் வருகிறது. வரிசை தலைகீழ், விளைவு ஒன்று. ‘ஃபார்’ ஒட்டியது வெளியே, ‘வித்’ ஒட்டியது உள்ளே. இதைக் கணக்குப் புத்தகத்தில் சமன்பாட்டில் மதிப்பைப் பொருத்தும் இடத்திலும் பார்க்கலாம்: எக்ஸ் இருந்த இடத்தில் 3 வைக்க வேண்டும் என்பதற்கு ‘சப்ஸ்டிட்யூட் 3 ஃபார் எக்ஸ்’ என்றுதான் எழுதியிருக்கும். கால்பந்தில் இன்னும் வேடிக்கை, ‘சப்ஸ்டிட்யூட்’ என்று பெயர்ச்சொல்லாகச் சொன்னால் உள்ளே வருகிற மாற்று ஆட்டக்காரர், ‘வாஸ் சப்ஸ்டிட்யூட்டட்’ என்று வினையாகச் சொன்னால் வழக்கமாக வெளியே போனவர்.

‘ரேதர் தேன்’ பற்றியும் கேட்டிருந்தீர்கள். நிறைய இடத்தில் ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை வைக்கலாம், ஆனால் அப்படியே இரட்டைப் பிள்ளைகள் என்று சொல்ல முடியாது. ‘ரேதர் தேன்’ இரண்டு பக்கத்தையும் ஒரே வடிவத்தில் வைத்துக்கொள்ளும், அதனால் அதன் பின்னால் வினை வெறுமனே வரலாம்: ‘ரேதர் தேன் வெயிட்’, கமா, ‘ஹி லெஃப்ட்’. ‘இன்ஸ்டெட் ஆஃப்’ என்றால் ‘வெயிட்டிங்’ ஆக்கியே தீர வேண்டும். பொருளிலும், ‘ரேதர் தேன்’ இதைவிட அது மேல் என்கிற விருப்பத்தை அடிக்கடி சுமந்து வரும், நம் ‘விட’ மாதிரி. ‘இன்ஸ்டெட் ஆஃப்’ இடம் மாறியதை மட்டும் சொல்லும். இது பணப் பிரச்சினை என்பதைவிட நேரப் பிரச்சினை என்று சொல்ல வேண்டுமா, ‘ரேதர் தேன்’ போடுங்கள். அங்கே ஒன்றின் இடத்தில் இன்னொன்று வந்து உட்காரவில்லை, இரண்டில் எது பொருத்தமான பெயர் என்றுதான் பேசுகிறோம், ‘இன்ஸ்டெட் ஆஃப்’ அங்கே ஒட்டாது.

‘இன் ஸ்பைட் ஆஃப்’ என்பதோடும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒலியில்தான் நெருக்கம். ‘இன் ஸ்பைட் ஆஃப் த ரெயின்’ என்றால் மழை பெய்தது, இருந்தும் போனோம். ‘இன்ஸ்டெட் ஆஃப்’ போட்டால் மழையே பெய்யவில்லை, வேறு எதுவோ பெய்தது என்று ஆகிவிடும்.

பதில் 5

இந்தச் சொல்லின் பூர்வீகம் தெரிந்தால் மேலே எல்லோரும் சொன்னது இன்னும் நன்றாக நிற்கும் என்று தோன்றுகிறது. ‘ஸ்டெட்’ என்பது பழைய ஆங்கிலத்தில் ‘ஸ்டெடெ’, அதற்கு ‘இடம்’ என்று பொருள். ஆக ‘இன்ஸ்டெட் ஆஃப்’ என்பது உண்மையில் ‘இன்னதன் இடத்தில்’. முதல் பதிலில் ‘ஒரு இடம் இருந்தது, அதில் இது வந்து உட்கார்ந்தது’ என்று எழுதியிருக்கிறார்களே, அது சொல்லின் எலும்பிலேயே இருக்கிறது. ‘ஆஃப்’க்குப் பின்னால் வருவது அந்த இடத்தின் பழைய சொந்தக்காரர்.

முன்பு இதைப் பிரித்துத்தான் எழுதினார்கள். 1611இல் வெளியான கிங் ஜேம்ஸ் பைபிளில், ஆபிரகாம் தன் மகனுக்குப் பதிலாக ஆட்டுக்கடாவைப் பலியிடுகிற இடத்தில் ‘இன் த ஸ்டெட் ஆஃப் ஹிஸ் சன்’ என்று இருக்கிறது, நடுவில் ‘த’ கூட வருகிறது. 17ஆம் நூற்றாண்டின் போக்கில் ஒரே சொல்லாக எழுதுவது நிலைத்தது. இன்றும் ‘இன் ஹிஸ் ஸ்டெட்’, ‘இன் மை ஸ்டெட்’ என்று யாருடைய இடம் என்பது நடுவில் வந்தால் பிரிந்தே இருக்கும். ‘பெட்ஸ்டெட்’, ‘ஹோம்ஸ்டெட்’, ‘ஸ்டெட்ஃபாஸ்ட்’ எல்லாவற்றிலும் இருப்பது இதே இடம்தான், இடம் விட்டு அசையாத உறுதி என்பதுதான் ‘ஸ்டெட்ஃபாஸ்ட்’. ஜெர்மன் மொழியில் ‘ஸ்டாட்’, ‘அன்ஸ்டாட்’ என்றால் ‘பதிலாக’, நகரத்தைக் குறிக்கிற ‘ஸ்டாட்’டும் அதே வேரிலிருந்து வந்தது. பிரெஞ்சில் ‘ஓ லியூ த’, அதிலும் ‘லியூ’ என்பது இடம். ஆங்கில ஒப்பந்தங்களில் வருகிற ‘இன் லியூ ஆஃப்’ அங்கிருந்து வந்ததுதான். இந்தியில் ‘கீ ஜகஹ்’, அதுவும் இடம்தான். இத்தனை மொழிகளில் பதிலியை இடத்தை வைத்தே யோசித்திருக்கிறார்கள் என்பது எனக்கு எப்போதும் வியப்பு.

நம்முடைய ‘பதில்’ வேறு வழியில் வந்தது. அரபியில் மாற்று என்ற பொருள்படும் ‘பதல்’ என்ற சொல்லிலிருந்து வந்தது, தெலுங்கில் ‘பதுலு’, கன்னடத்தில் ‘பதலு’ என்று அக்கம்பக்கத்திலும் இருக்கிறது. கேள்விக்கு மாற்றாகத் திரும்பி வருவதால் விடையும் ‘பதில்’ ஆயிற்று. தமிழில் இடத்தை வைத்துச் சொல்கிற வழக்கமும் உண்டு, ‘அவர் இடத்துக்கு இவர் வந்தார்’ என்கிறோம். ஆனால் ‘அவர் இடத்தில் நான் இருந்தால்’ என்றால் அது அவருடைய நிலைமையில் என்னை வைத்துப் பார்ப்பது, அதை ‘இன்ஸ்டெட் ஆஃப்’ என்று மொழிபெயர்த்துவிட வேண்டாம், ‘இன் ஹிஸ் பிளேஸ்’ என்பதுதான் அங்கே சரி.

கேள்வி கேட்டவர்

இவ்வளவு விரிவாக எழுதிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கதவைத் தட்டுகிற உதாரணத்தை எழுதி வைத்துக்கொண்டேன். கடைசியாக ஒன்றே ஒன்று. ‘மீனா கால்டு ராணி இன்ஸ்டெட் ஆஃப் மி’ என்ற வாக்கியம் ஒரு பயிற்சியில் வந்தது. ‘ஆஃப்’ ஒட்டியது ‘மி’, ஆக விடுபட்டது நான். அது வரைக்கும் சரி. ஆனால் நான் எந்த இடத்திலிருந்து விடுபட்டேன்? மீனாவின் இடத்திலிருந்தா, ராணியின் இடத்திலிருந்தா?

பதில் 1

நல்ல கண்ணுங்க உங்களுக்கு. அந்த வாக்கியம் இரண்டு பொருளையும் தாங்கும். மீனா என்னைக் கூப்பிட வேண்டியவள், ராணியைக் கூப்பிட்டாள் என்பது ஒன்று. நான் ராணியைக் கூப்பிட வேண்டியவன், எனக்குப் பதில் மீனா கூப்பிட்டாள் என்பது இன்னொன்று. பெரும்பாலோர் முதல் பொருளைத்தான் எடுத்துக்கொள்வார்கள், ‘மி’ ராணிக்குப் பக்கத்தில் நிற்பதால். இரண்டாவது பொருள்தான் வேண்டும் என்றால் ‘இன்ஸ்டெட் ஆஃப் மி’ என்பதை முன்னால் கொண்டுபோனால் மட்டும் போதாது, அப்போதும் சந்தேகம் மிச்சம் இருக்கும். ‘ஐ வாஸ் சப்போஸ்டு டு கால் ராணி’ என்று ஒரு வாக்கியம் எழுதி, ‘பட் மீனா கால்டு ஹர் இன்ஸ்டெட்’ என்று முடித்துவிடுங்கள், குழப்பத்துக்கே இடமில்லை. தமிழில் இந்தத் தொல்லை குறைவு, ‘என்னைக் கூப்பிடாமல் ராணியைக் கூப்பிட்டாள்’ என்று ‘-ஐ’ போட்டுவிட்டால் அங்கேயே தெளிவாகிவிடும். ஆங்கிலத்தில் எழுதி முடித்ததும் அதை மனதுக்குள் தமிழில் ‘-ஐ’யோடு ஒரு தடவை, ‘-க்குப் பதில்’ என்று ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். இரண்டும் பொருந்தினால் அந்த ஆங்கில வாக்கியத்தை மாற்றி எழுதுங்கள்.